கெர்னல் புதுப்பிப்புக்குப் பின்னும், கெர்னலோடு சேர்ந்து வராத தனி டிரைவர் இயங்கச் செய்வது எப்படி?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், பயனர் நிரல்கள் அழைக்கும் இடைமுகத்தை உடையாமல் காக்கிறதே தவிர, வன்பொருளை இயக்கும் நிரல்களான டிரைவர்கள் பயன்படுத்தும் உள் இடைமுகத்துக்கு எந்த உறுதியும் தருவதில்லை. ஆகவே ஒரு பதிப்புக்காகத் தொகுத்த மாட்யூலை (கெர்னலில் ஏற்றப்படும் டிரைவர் கோப்பை) வேறொரு பதிப்பில் வலுக்கட்டாயமாக ஏற்றாதீர்கள்.

முதலில் 'மோட்இன்ஃபோ' கட்டளை காட்டும் வெர்மேஜிக் வரியை (மாட்யூல் எந்தக் கெர்னலுக்காகத் தொகுக்கப்பட்டது என்ற குறிப்பை), இயங்கும் கெர்னலின் பதிப்போடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால், அந்தக் கெர்னலுக்குரிய ஹெடர் கோப்புகளை (தொகுக்கத் தேவையான இடைமுக அறிவிப்புகளை) நிறுவி, மூல நிரலிலிருந்து மீண்டும் தொகுக்க வேண்டும். இதை ஒவ்வொரு முறையும் கையால் செய்வதைவிட, மூல நிரலை, புதிய கெர்னலுக்கு மாட்யூலைத் தானே மீண்டும் தொகுக்கும் கருவியான டிகேஎம்எஸ்ஸில் பதிவுசெய்து தானியங்கி நிறுவலை இயக்கிவிடுவதே நல்லது என்பேன்.

ஆனால் இடைமுகமே மாறியிருந்தால் டிகேஎம்எஸ்ஸும் உதவாது: 4.15 பதிப்பில், டைமரைத் தொடங்கும் பழைய செயற்கூறுகள் நீக்கப்பட்டதால், அவற்றை நம்பியிருந்த டிரைவர்களின் நிரலையே திருத்த வேண்டியிருந்தது. அத்தகைய இடங்களில், கெர்னல் பதிப்பைச் சோதிக்கும் நிபந்தனையிட்டு இரு வடிவங்களையும் எழுதுங்கள். கையொப்பமில்லாத நிரல்களைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் மாட்யூலுக்குக் கையொப்பமிடவும் மறவாதீர்கள்.