மாருதி 800-க்குத் தரை கார்பெட் மாற்றுவது எப்படி

என்னுடையது 2004 மாடல் மாருதி 800. மூன்று வருடத்துக்கு முன் கதவைத் திறந்தாலே ஊறிப்போன சாக்கு வாடை. ஒரு கார் அலங்காரக் கடையில் காட்டினேன். "மேலே லேமினேஷன் போட்டா வாடையே வராது சார்" என்று ஈரக் கார்பெட்டின் மேலேயே ரெக்சினை விரித்து ஒட்டிவிட்டார்கள். அடுத்த வருடம் இடது பக்கத் தரை விரலால் அழுத்தினாலே பொருபொருவென்று உதிர்ந்தது. பழையதை முழுசாக எடுக்காமல் புதியதைப் போடவே போடாதீர்கள்.

இரண்டு நாள் வெயில் இருக்கிற வாரமாகப் பாருங்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். 800-ல் ஏர்பேக் தொல்லை இல்லை. புது வண்டியில் சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டர் இருந்தால், பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுத்துத்தான் அதைத் தொட வேண்டும்.

சீட்டைப் பின்னால் தள்ளினால் முன் போல்ட் தெரியும், முன்னால் தள்ளினால் பின் போல்ட். முந்தின இரவே, துருப்பிடித்த போல்ட்டை இளக்கும் டபிள்யூடி 40 ஸ்பிரேயை அடித்து வையுங்கள். நான் அவசரப்பட்டு ஒரு போல்ட்டை முறித்து, அதை எடுக்க வெல்டிங் பட்டறை வரை போனேன். அப்புறம் பின் சீட்டின் அடிப்பாகம், வாசல் பட்டி, பெல்ட்டின் கீழ் போல்ட், ஹேண்ட்பிரேக், கியர் உறை. ஒவ்வொன்றின் ஸ்க்ரூவையும் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதிவிடுங்கள். பழைய கார்பெட் எவ்வளவு நாறினாலும் கிழிக்காமல் எடுங்கள். அதுதான் உங்கள் அளவுத் துணி.

இப்போது தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். என் வண்டியில் மழை காரணமே இல்லை, ஏசிதான். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டிய தண்ணீர், குழாயில் தூசி அடைத்ததால் உள்ளே இடது பக்கம் இறங்கியிருக்கிறது. இன்ஜின் பக்கத்திலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் வயரை விட்டுக் குத்தியதும் ஒரு டம்ளர் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. உங்களுக்கு ஏசி சரியாகச் சொட்டுகிறதென்றால், கதவு ரப்பரிலும் முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டியிலும் (பீடிங்) ஹோஸ் பிடித்துப் பாருங்கள்.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, துருப்பிடிக்காமல் காக்கும் ரெட் ஆக்ஸைடு பெயின்ட் இரண்டு கோட் அடித்து ஒரு இரவு காயவிடுங்கள். ஓட்டை விழுந்த இடத்துக்குப் பெயின்ட் போதாது, தகடு வைத்து வெல்டிங்தான். தரையில் இருக்கும் ரப்பர் மூடிகளைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள்.

சென்னையில் ஜி.பி. ரோட்டில் ரோல் கார்பெட் மீட்டர் கணக்கில் கிடைக்கும். மொட்டை மாடியில் புதியதைக் கவிழ்த்து விரித்து, பழையதையும் அதன்மேல் கவிழ்த்துப் போட்டு சாக்பீஸால் வரையுங்கள். கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். தரையின் நடுவே நீளமாக உயர்ந்திருக்கும் நடுமேட்டில் ஒரே துண்டாகப் படிய வைப்பது எனக்கு ஒத்துவரவில்லை. வலது, இடது என்று இரண்டாக வெட்டி, இணைப்பை ஹேண்ட்பிரேக் உறைக்கு அடியில் மறைத்தேன். ஃபெவிகால் எஸ்ஆர் பசை நடுமேட்டில் மட்டும் போதும்; மற்ற இடத்தில் ஒட்டினால், அடுத்த முறை நனையும்போது தூக்கிக் காயவைக்க முடியாது.

போல்ட் ஓட்டைக்கு டிரில் வேண்டாம். நூல் பிட்டில் சுற்றிக்கொண்டு ஒரு முழத்துக்குப் பிரிந்துவிடும். விரலால் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து, கட்டரால் சின்னதாகப் பெருக்கல் குறி போடுங்கள்.

சீட், பெல்ட் போல்ட்டுகளை முழு பலத்தோடு இறுக்குங்கள். வண்டியை எடுப்பதற்கு முன், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை மிதித்து மிதித்து விடுங்கள். எனக்கு நாலாவது மிதியில் கார்பெட் விளிம்பு பெடலைக் கவ்விக்கொண்டது. குனிந்து இன்னும் ஒரு அங்குலம் நறுக்கிய பிறகுதான் சாவியைத் திருகினேன்.