வேட்பாளரின் மின்னஞ்சல் மடலுக்குப் பதிவுப் பக்கம் அமைக்கும் முறை

வட சென்னையில் ஒரு வேட்பாளருக்காக மின்னஞ்சல் மடல் தொடங்குவோர், பதிவுப் பக்கத்தில் எவற்றைக் கேட்கக்கூடாது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மின்னஞ்சல் முகவரியும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் போதும். 600013 என்றால் ராயபுரம், 600019 என்றால் திருவொற்றியூர், 600057 என்றால் எண்ணூர் எனப் பகுதி தெரிந்துவிடுவதால், காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பற்றிய செய்தியை ராயபுரத்தாருக்கும், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் பற்றிய செய்தியை எண்ணூர்வாசிகளுக்கும் தனித்தனியே அனுப்பலாம். வாக்காளர் அடையாள அட்டை எண், சாதி, கதவு எண் ஆகியவற்றை ஒருபோதும் கேட்காதீர்கள். அவை கசிந்தால் பாதிக்கப்படுவோர் நம்மை நம்பிப் பதிந்தவர்களே.

பக்கத்தின் தலைப்பில் "எங்களுடன் இணையுங்கள்" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. "மழைநீர் வடிகால், குடிநீர், பட்டா ஆகியவை குறித்து எங்கள் வேட்பாளர் எடுக்கும் நடவடிக்கைகளை ஞாயிறுதோறும் ஒரே மடலாக அனுப்புவோம்" என்று எழுதுங்கள். அதன் கீழுள்ள பொத்தானில் "ஞாயிறு மடல் வேண்டும்" என்றே இருக்கட்டும். சொன்ன கிழமையில் சொன்னதை மட்டுமே அனுப்ப வேண்டும்.

ஒப்புதல் பெறுவதில் அலட்சியம் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்புதல் தெளிவான நோக்கத்துக்காக, தாமாக முன்வந்து தரப்பட்டதாக இருக்க வேண்டும். அதைத் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். ஆகவே முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட கட்டங்களை வைக்காமல், விவரங்கள் எதற்குப் பயன்படும், யாரிடம் இருக்கும் என்பதை எளிய தமிழில் இரண்டு வரிகளில் சொல்லி, ஒவ்வொரு மடலின் அடியிலும் விலகும் இணைப்பைக் கொடுங்கள். 18 வயது நிறைந்தவர்களை மட்டும் சேருங்கள். பதிந்தவுடன் ஓர் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அழுத்தியவர்களை மட்டுமே பட்டியலில் ஏற்றினால், பிறர் முகவரியை யாரும் விளையாட்டாகப் பதிய முடியாது.

பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள் என்பதால், தலைவர்களின் பெரிய படங்களைத் தவிர்த்து, விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் பக்கத்தைத் திறந்து சோதியுங்கள். முகவரிக் கட்டத்தைத் தொட்டதும் @ குறியுள்ள விசைப்பலகை வர வேண்டும். அந்தக் கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், அதைத் தொட்டதும் ஐபோனில் திரை தானாகப் பெரிதாகித் தடுமாற வைக்கும்.

துண்டறிக்கையில் இந்தப் பதிவுப் பக்கத்துக்கான க்யூஆர் கோடு அச்சிடுவதானால், அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில், பதிந்தவுடன் தானாகச் செல்லும் வரவேற்பு மடலையும் சேர்த்து, எல்லா மடல்களையும் நிறுத்திவைப்பதே பாதுகாப்பானது.