டம்மி விரிந்ததும் சீட்டைக் கேட்காதீர்கள்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் கைக்கு எட்டிய காண்ட்ராக்ட் (ஏலத்தில் எடுப்பதாகச் சொன்ன ட்ரிக் கணக்கு) தோற்கிறது என்றால், பல நேரம் அது முதல் ட்ரிக்கிலேயே (நான்கு பேரும் ஆளுக்கொரு சீட்டு போடும் சுற்று) தோற்றுவிடுகிறது. எதிராளி முதல் சீட்டை இறக்குகிறார், டம்மி (கூட்டாளி மேஜையில் திறந்து வைக்கும் கை) விரிகிறது, டிக்ளேரர் (இரண்டு கைகளையும் ஆடுபவர்) "சின்னது போடுங்க" என்று சொல்லிவிட்டு ஏஸால் ட்ரிக்கை அள்ளிக்கொண்டு, அதற்கப்புறம்தான் நெற்றியைச் சுருக்கி யோசிக்க உட்காருகிறார். டம்மியில் அந்த சூட்டில் (ஸ்பேட், ஹார்ட் மாதிரியான சீட்டு வகை) ஒரே ஒரு சீட்டுதான் இருக்கிறது, வேறு வழியே இல்லை என்றாலும்கூட அங்கேயே நிறுத்துங்கள். முதல் ட்ரிக்கில் டிக்ளேரர் நேரம் எடுத்துக்கொள்வதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

யோசிப்பது என்றால் எதை? முதலில் எண்ணுங்கள். துருப்பே இல்லாத நோ டிரம்ப் ஆட்டத்தில், எதிராளிக்கு ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்காமல் இப்போதே எடுக்கக்கூடிய ட்ரிக் எத்தனை என்று பார்ப்பதே சுலபம். துருப்பு ஆட்டத்தில் உங்கள் கையில் தோற்கப்போகிற சீட்டுகள் எத்தனை என்று பார்ப்பது வசதி. எண்ணி முடித்ததும் குறைவது எவ்வளவு, அது எந்த சூட்டிலிருந்து வரும் என்று தேடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த கேள்விதான் முக்கியம்: அந்தக் கூடுதல் ட்ரிக்கை உருவாக்கும்போது ஆட்டம் யார் கைக்குப் போகும், போனால் அவர் எனக்கு என்ன செய்ய முடியும்?

ஒரு கையை வைத்துப் பார்க்கலாம். நீங்கள் தெற்கு, எதிராளிகள் மேற்கும் கிழக்கும், 3 நோ டிரம்ப், 9 ட்ரிக் வேண்டும். உங்களிடம் ஸ்பேடில் ஏஸ்-8-2, ஹார்ட்டில் ஏஸ்-குயின்-5, டயமண்டில் ஏஸ்-7-4, கிளாவரில் 9-8-6-3. டம்மியில் ஸ்பேட் 7-4, ஹார்ட் கிங்-8-3, டயமண்ட் கிங்-6-2, கிளாவர் ஏஸ்-குயின்-ஜாக்-10-4. மேற்கு ஸ்பேட் கிங்கை இறக்குகிறார்.

எண்ணுங்கள். ஸ்பேட் 1, ஹார்ட் 3, டயமண்ட் 2, கிளாவர் 1, ஆக 7. இன்னும் இரண்டு வேண்டும், கிளாவர் அதைத் தாராளமாகத் தரும். கிங் கிழக்கிடம் இருந்து ஃபினெஸ் (கிங் மேற்கிடம் இருக்கும் என்று நம்பி, டம்மியில் ஏஸுக்குப் பதில் அதைவிடச் சின்னதைப் போடுவது) தோற்றாலும் அந்த சூட்டில் நான்கு ட்ரிக் நிச்சயம். அப்படியென்றால் கவலைப்பட வேண்டியது கிளாவரைப் பற்றி இல்லை, ஸ்பேடைப் பற்றி. மேற்கிடம் ஸ்பேடில் கிங்-குயின்-ஜாக்-9-5, கிழக்கிடம் 10-6-3 என்று வைத்துக்கொள்வோம். முதல் ட்ரிக்கிலேயே ஏஸைப் போட்டுவிட்டு ஃபினெஸ் செய்தால், கிழக்கு கிளாவர் கிங்கால் எடுத்து ஸ்பேடைத் திருப்புவார், மேற்கு வரிசையாக நான்கு ஸ்பேட் எடுப்பார், மொத்தம் ஐந்து போய் ஒன்று டவுன், அதாவது ஒரு ட்ரிக் குறைவு.

இதற்குப் பதிலாக ஏஸைப் பிடித்து வையுங்கள். இரண்டு தடவை விட்டுவிட்டு மூன்றாவது ஸ்பேடில் எடுங்கள். இப்போது கிழக்கிடம் ஸ்பேட் தீர்ந்துபோயிற்று. கிளாவர் கிங்கை அவர் எடுத்தாலும் மேற்கைக் கூப்பிட வழியில்லை, உங்களுக்கு 10 ட்ரிக். ஸ்பேட் 4-4 ஆகப் பிரிந்திருந்தால் கிழக்கிடம் இன்னும் ஒன்று இருக்குமே என்று கேட்கலாம். இருக்கட்டும், அப்போது அவர்களுக்கு மூன்று ஸ்பேடும் ஒரு கிளாவரும்தான், உங்கள் 9 பத்திரம்.

எத்தனை தடவை விட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: அந்த சூட்டில் உங்கள் இரண்டு கைகளிலும் சேர்த்து உள்ள சீட்டுகளை 7-லிருந்து கழியுங்கள். இங்கே 7-லிருந்து 5 போக 2. நோ டிரம்பில், தடுக்க ஏஸ் மட்டுமே இருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாதீர்கள். உங்களுக்கு இன்னும் மோசமான வேறொரு சூட் இருந்தால், விட்டுக்கொடுத்த நேரத்தில் அவர்கள் அதற்கு மாறிவிடுவார்கள். அதே போல, ஆட்டம் எப்படியும் நீளமான ஸ்பேட் உள்ளவர் கைக்கே போகப்போகிறது என்றால் ஏஸைப் பிடித்து வைப்பதால் பெரும்பாலும் பலன் இல்லை, அவரைத் தவிர்த்து ட்ரிக் எடுக்க வேறு வழி இருக்கிறதா என்று தேட வேண்டும்.

துருப்பு ஆட்டத்தில் எல்லோரும் சொல்லித்தரும் முதல் பாடம் துருப்பை உடனே உருவிவிடு (துருப்பை ஆடி எதிராளிகளின் துருப்பைத் தீர்த்துவிடு) என்பது. எனக்கு இந்தப் பாடம் பிடிக்காது, பாதி நேரம்தான் சரி. 4 ஸ்பேட் (ஸ்பேட் துருப்பு, 10 ட்ரிக் வேண்டும்) ஆடுகிறீர்கள், உங்களிடம் ஸ்பேட் கிங்-குயின்-ஜாக்-10-5, ஹார்ட் ஏஸ்-8-3, டயமண்ட் ஏஸ்-6-4, கிளாவர் ஏஸ்-4. டம்மியில் ஸ்பேட் ஏஸ்-8-4, ஹார்ட் 6-2, டயமண்ட் கிங்-9-7-3, கிளாவர் 8-7-5-2. கிளாவர் வருகிறது. தோற்கிறவை: ஹார்ட்டில் இரண்டு, டயமண்டில் ஒன்று, கிளாவரில் ஒன்று, ஆக நான்கு. மூன்றுதான் தாங்கும். மூன்றாவது ஹார்ட்டை டம்மியில் துருப்பால் வெட்டினால் சரியாகிவிடும், ஆனால் மூன்று சுற்று துருப்பு உருவினால் டம்மியில் வெட்ட எதுவும் மிஞ்சாது. அதனால் கிளாவர் ஏஸ், ஹார்ட் ஏஸ், உடனே இன்னொரு ஹார்ட்டை விட்டுக்கொடுங்கள். அவர்கள் புரிந்துகொண்டு துருப்பு ஆடினால் உங்கள் கையிலேயே எடுங்கள், மூன்றாவது ஹார்ட்டை டம்மியின் ஸ்பேட் ஏஸால் வெட்டுங்கள். ஏஸாலா என்று மனது அடித்துக்கொள்ளும்! ஆனால் மீதி பெரிய துருப்பெல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது, ஏஸால் வெட்டினால் யாரும் மேல்வெட்டு போட முடியாது. அப்புறம் 8-ஐ ஆடிக் கைக்கு வந்து நிம்மதியாகத் துருப்பை உருவலாம்.

என்ட்ரியை, அதாவது ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் வழியை, சீக்கிரமே சொல்லி முடிக்கிறேன். சீட்டு குறைவாக உள்ள கையின் பெரிய சீட்டுகளை முதலில் ஆடுங்கள். கையில் கிங்-குயின் மட்டும், டம்மியில் ஏஸ்-ஜாக்-10-7-4, டம்மிக்குப் போக வேறு வழியே இல்லை என்றால், கிங்கை எடுத்துவிட்டு குயின் மேல் ஏஸைப் போடுங்கள். வீணடிப்பது மாதிரி தெரியும், ஆனால் இரண்டு ட்ரிக்குக்குப் பதில் குறைந்தது நான்கு வருகிறது.

இரண்டு வாய்ப்பு இருந்தால் வரிசைதான் எல்லாம். ஏஸ்-கிங்-குயின்-4, எதிரில் 7-5-2. எதிராளிகளிடம் உள்ள ஆறு சீட்டுகள் 3-3 ஆகப் பிரிய (பிரிந்தால் உங்கள் 4-ம் ஒரு ட்ரிக்) சுமார் 35.5% வாய்ப்பு, 4-2 ஆக சுமார் 48%. வேறொரு சூட்டில் ஃபினெஸ் இருக்கிறது, அது 50%. ஃபினெஸை முதலில் ஆடி அது தோற்ற கையோடு காண்ட்ராக்டும் போய்விடும் என்றால், மூன்று பெரிய சீட்டையும் முதலில் ஆடிப் பாருங்கள். பிரிந்தால் ஃபினெஸே வேண்டாம், பிரியாவிட்டால் அப்புறம் ஃபினெஸ், இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 68%. இதற்கு ஒரு விலையும் உண்டு: நான்காவது சீட்டு எதிராளிக்கு ட்ரிக் ஆகிவிடலாம், அது தாங்குமா என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

திட்டம் போட்டாயிற்று என்று தூங்கிவிடவும் கூடாது. ஒருவர் ஒரு சூட்டில் இல்லை என்று காட்டியதுமே மறுபடி எண்ணுங்கள், ஏலத்தையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முதலில் பேச வேண்டிய மேற்கு பாஸ் சொன்னார், ஆனால் ஆட்டத்தில் ஒரு சூட்டின் ஏஸ்-கிங்கும் இன்னொரு ஏஸும் அவரிடமிருந்து வந்துவிட்டன, அதுவே 11 பாயிண்ட் (ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2). நீங்கள் தேடுகிற குயினும் அவரிடம் இருந்திருந்தால் ஏலத்தை அவரே திறந்திருப்பார். அதனால் குயினைக் கிழக்கிடம் தேடுங்கள்.