மூன்றாம் வகுப்பில் 'சேர்த்து எழுதுக': எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது?

'கடல் + ஊர்' என்பதைச் சேர்த்து எழுதச் சொன்னால் பிள்ளை 'கடல்ஊர்' என்று எழுதுகிறது. விதி தெரியாததால் வரும் பிழை இல்லை இது. 'லூ' என்ற எழுத்துக்குள் ல் என்ற மெய்யும் ஊ என்ற உயிரும் இருப்பது இன்னும் பதியவில்லை. எனவே முதல் இரண்டு நாள் சொற்களைத் தொடாதீர்கள். லூ, யி, னா, பா, டோ என்று பலகையில் எழுதிப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு ட் + ஓ என்ன என்று மாற்றிக் கேளுங்கள். பத்தில் எட்டேனும் சரியாக வந்தபின் மேலே போகலாம்.

அடுத்து வாய்ப்பயிற்சி. கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள் பேருந்துப் பலகையில் அன்றாடம் பார்க்கும் ஊர்ப்பெயர்களே போதும். 'வில்லியன்', 'ஊர்' என்று விட்டுச் சொல்லவைத்து, உடனே நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொல்லவையுங்கள். வில்லியனூர் தானாக வரும். வாய் சொன்னதைத்தான் கை எழுத வேண்டும். இந்த வரிசை மாறினால் பிள்ளைகள் எழுத்துகளை ஒட்டவைக்கப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், நான்கு சொற்கள். அதற்குமேல் வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் வரும். கல் + உப்பு 'கலுப்பு' ஆகாது, கல்லுப்பு. ஒற்றைக் குறிலும் ஒரு மெய்யும் மட்டுமே உள்ள சொல் என்றால், உயிர் வரும்போது அந்த மெய் இரட்டிக்கும்: கண்ணிமை, மண்ணடுப்பு. மீன் + உணவு மீனுணவுதான், மீ நெடில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

இரண்டு உயிர்கள் சந்தித்தால் நடுவே ஒரு மெய் நுழையும். 'புலி ஊர்' என்று வேகமாகச் சொன்னால் ய் கேட்கும்: புலியூர். 'மா இலை' என்றால் வ் கேட்கும்: மாவிலை. இ, ஈ, ஐ முடிவுக்கு ய். அ, ஆ, ஓ முதலானவற்றுக்கு வ். உடம்படுமெய் என்ற பெயரை இந்த வயதில் சொல்லவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பெயரை மனப்பாடம் செய்த பிள்ளை ஒலியைக் கேட்பதை விட்டுவிடும்.

அதிக நாள் தேவைப்படுவது உகரம் மறையும் இடம். பழைய நாள்காட்டி அட்டையில் விரல் நீளத் துண்டு வெட்டி, 'கரும்ப்' என்று எழுதி, கடைசியில் 'உ' எழுதுங்கள். உ மட்டும் பின்னால் மடங்கும்படி ஒரு மடிப்பு. மடித்துவிட்டு 'ஆலை' அட்டையை ஒட்டி வைத்தால் ப் + ஆ = பா; கரும்பாலை. நெல்லிக்குப்பத்துப் பிள்ளைக்கு அது தெரிந்த இடம். இப்படியே படகு + ஓட்டி, விளக்கு + ஒளி, நண்டு + எங்கே. தொடக்கத்தில் வீடு, ஆறு போன்ற சொற்களைத் தவிருங்கள். வீடு + ஓரம் வீட்டோரம், ஆறு + ஓரம் ஆற்றோரம் என்று அங்கே உகரம் போவதோடு ஒற்றும் இரட்டிக்கும். இரண்டு மாற்றம் ஒரே நேரத்தில் வந்தால் பிள்ளை குழம்பும். பசு, தெரு போல முதலெழுத்து குறிலாக உள்ள இரண்டெழுத்துச் சொற்களில் பெரும்பாலும் உ மறையாது: பசுவும், தெருவோரம். 'அதென்ன என்கிறோமே?' என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். அது, இது, எது மூன்றும் இரண்டு விதமாகவும் வரும் என்று சொல்லிப் பாராட்டுங்கள். நன்றாகக் கவனித்த பிள்ளை அது.

வல்லினம் மிகுவதற்குப் புதுச்சேரியும் கடலூரின் முதுநகரும் நல்ல இணை. ச வந்ததால் ச் கூடியது. ந வந்ததால் எதுவும் கூடவில்லை. க, ச, த, ப நான்குக்கு முன் மட்டுமே பார்க்கச் சொல்லுங்கள்: நெல்லிக்குப்பம், பரங்கிப்பேட்டை, முந்திரிப்பருப்பு. இந்த நான்கு வந்தாலே மிகும் என்று சொல்லிவிடாதீர்கள். மிகாத இடங்கள் நிறைய உண்டு, அவை மேல் வகுப்புப் பாடம். கடல் + கரை = கடற்கரை போன்ற திரிபுகளும் ஐந்தாம் வகுப்புக்கு இருக்கட்டும்; இப்போது பார்த்துப் பழகினால் போதும். மஞ்சக்குப்பம், பண்ருட்டி போன்ற தேய்ந்த பெயர்களைப் பயிற்சியில் சேர்க்காதீர்கள், விதிக்குள் அடங்காது.

எல்லாம் முடிந்தபின் திருப்பாதிரிப்புலியூரைக் கொடுங்கள். திரு, பாதிரி, புலி, ஊர் என்று நான்கு அட்டை. இரண்டு ப், ஒரு ய் தேவை. வெற்று அட்டைகளில் அந்த மூன்று மெய்யையும் பிள்ளையே எழுதி இடையில் வைக்க வேண்டும்.

பிரித்தெழுதுவதை இதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும், அது கடினம். 'பலாவிலை' என்று தனியாகக் கொடுத்தால் பலா + இலையும் சரி, பலா + விலையும் சரி. 'ஆடு பலாவிலை தின்றது', 'பண்ருட்டிச் சந்தையில் பலாவிலை ஏறியது' என்று வாக்கியமாகக் கொடுங்கள். தனிச்சொல்லுக்குப் பிள்ளை 'பலா + விலை' என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போடுங்கள்.