‘பாரோ’, ‘லெண்ட்’: வாங்குவது யார், கொடுப்பது யார்?

“கேன் யூ பாரோ மீ யுவர் பென்?” சிங்கப்பூரில் பள்ளிக்கூடம், அலுவலகம், உணவங்காடி என்று எங்கே போனாலும் இது காதில் விழும். கேட்டவருக்குப் பேனாவும் கிடைத்துவிடும். வேலை முடிந்துவிடுவதால் யாரும் திருத்துவதில்லை.

‘பாரோ’ என்றால் இரவல் வாங்குவது. ‘லெண்ட்’ என்றால் இரவல் கொடுப்பது. பேனா கேட்பவர் “கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?” என்றோ “கேன் ஐ பாரோ யுவர் பென்?” என்றோ கேட்க வேண்டும். வாங்கப்போவது ‘ஐ’, கொடுக்கப்போவது ‘யூ’.

இந்தத் தவறு நம் ஊரில் இவ்வளவு பரவியதற்குக் காரணம் உண்டு. மாண்டரினில் ‘ஜியே’ என்ற ஒரே சொல் வாங்குவதற்கும் வரும், கொடுப்பதற்கும் வரும். பேச்சு மலாயில் ‘பிஞ்சாம்’ என்பதும் அப்படித்தான். தமிழில் ‘கடன் வாங்கினேன்’, ‘கடன் கொடுத்தேன்’ என்று வினையே பிரித்துச் சொல்லிவிடுகிறது. அதனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் இதில் தடுமாறத் தேவையே இல்லை. ஆனாலும் தடுமாறுகிறார்கள், சுற்றியிருப்பவர்கள் பேசுவதுதானே நாக்கில் ஒட்டும்!

பேனா என்றால் பரவாயில்லை. பணம் என்றால் சிக்கல். “ஐ பாரோ ஹிம் ஃபிஃப்டி டாலர்ஸ்” என்று எழுதினால், 50 வெள்ளி யார் யாருக்குத் தர வேண்டும்? உள்ளூர் நண்பர் ஊகித்துவிடுவார். வெளிநாட்டு மேலாளர் குழம்புவார். கொடுத்திருந்தால் “ஐ லென்ட் ஹிம்”, வாங்கியிருந்தால் “ஐ பாரோட் ஃப்ரம் ஹிம்”. ‘பாரோ’வுக்கு அடுத்து ஆள் நேராக வரமாட்டார், ‘பாரோ மீ’ என்றோ ‘பாரோ ஹிம்’ என்றோ கிடையாது. பொருளைச் சொல்லிவிட்டு ‘ஃப்ரம்’ போட்ட பிறகுதான் ஆள். இன்னும் சந்தேகமா? ‘மணிலெண்டர்’ பணம் கொடுப்பவர். வங்கிக் கடன் பத்திரத்தில் ‘பாரோவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள்.

இறந்தகாலத்தில் ‘லெண்டட்’ என்று ஒரு சொல் இல்லை, ‘லென்ட்’ (lent) என்பதுதான் சரி. கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ, அதே எழுத்து, அதே ஒலி.

அப்புறம், “கேன் ஐ பாரோ யுவர் டாய்லெட்?” கழிவறையைத் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லையே! இடம்விட்டு நகராததற்கு ‘யூஸ்’ போதும். டிஷ்யூத் தாளுக்கும் ‘பாரோ’ வேண்டாம், திருப்பித் தரவா போகிறீர்கள்? “கேன் ஐ ஹாவ் எ டிஷ்யூ” என்றால் சரி.

‘ரென்ட்’ விஷயத்தில் கதை தலைகீழ். தமிழில் வாடகைக்கு எடுப்பது வேறு, விடுவது வேறு. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒரே சொல். “ஐ ரென்ட் எ ரூம் இன் ஈசூன்” என்றால் பெரும்பாலும் உங்களை வாடகைக்காரர் என்றுதான் நினைப்பார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அறையை வாடகைக்கு விடுகிற உரிமையாளர் என்றால் ‘ரென்ட் அவுட்’ என்று சொல்லுங்கள்.

‘லெண்ட் மீ’ என்ற பொருளில் ‘லோன் மீ’ என்பதை அமெரிக்கர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அது தவறில்லை. ஆனால் இங்கே பள்ளிகளில் பிரிட்டிஷ் வழக்கே அதிகம் என்பதால், தேர்வுத்தாளில் ‘லெண்ட்’ என்றே எழுதுவது பத்திரம்.