பதினைந்து சென் எங்கே போனது? பொது நிரலைப் பகிர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் ரொக்கமாகக் கட்டும் பில்லின் மொத்தம், 2008 ஏப்ரல் முதல் ஐந்து சென்னுக்குத் திருத்தப்படுகிறது. 12.42 வெள்ளி (ரிங்கிட்; நூறு சென் ஒரு வெள்ளி) என்றால் 12.40, 12.43 என்றால் 12.45. இதை நிரலாக எழுதப் பத்து வரி போதும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உணவகங்களுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் சிறு குழுவிடம் அந்தப் பத்து வரி மூன்று களஞ்சியங்களில் (நிரலை அதன் மாற்ற வரலாற்றோடு சேமிக்கும் இடங்களில்) இருந்தது: கல்லா, கைப்பேசிச் செயலி, கணக்கறிக்கை. அறிக்கையில் இருந்த நகலை யாரோ தொட்டு, மொத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு பண்டத்தின் விலையையும் திருத்தும்படி ஆக்கியிருந்தார். கடை அடைக்கும் நேரத்தில் கணக்கு பதினைந்து சென் உதைத்தது. பதினைந்து சென்தானே என்று எந்த முதலாளியும் விடமாட்டார்.

நகலெடுத்து ஒட்டுவது தவறு என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் செய்வோம். விதி மாறும் நாளில்தான் வலிக்கும். 2024 மார்ச் 1 அன்று சேவை வரி 6 சதவீதத்திலிருந்து 8 ஆனது. உணவு, பானம் போன்ற சிலவற்றுக்கு 6 நீடித்தது. நிரலில் எந்த 6ஐ மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று தேடியே எங்களுக்கு ஒரு வாரம் போனது.

பிறகு மூன்றுக்கும் பொதுவான நிரலைத் தனிக் களஞ்சியமாக்கி, மற்றவற்றில் கிட் சப்மாட்யூலாகச் சேர்த்தோம் (கிட் என்பது நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி; சப்மாட்யூல் என்பது அதில் ஒரு களஞ்சியத்துக்குள் இன்னொன்றை இணைக்கும் வழி). தவறுகள் வேறு வடிவில் வந்தன. தாய்க் களஞ்சியம், அதாவது இணைத்துக்கொண்ட களஞ்சியம், சப்மாட்யூலின் நிரலை வைத்திருப்பதில்லை என்பதை எங்களில் பாதிப்பேர் அறியவில்லை. அது வைத்திருப்பது எந்தக் கமிட் (பதிந்துவைத்த மாற்றம்) என்ற 40 எழுத்து அடையாளமும், அந்தக் களஞ்சியத்தின் முகவரியும்தான். பொது நிரலைத் திருத்திக் கமிட் செய்துவிட்டு, தாயை மட்டும் சர்வருக்குப் புஷ் செய்தால் (அனுப்பினால்), மற்றவர்களுக்குப் போய்ச் சேர்வது சர்வரில் இல்லாத ஒரு கமிட்டின் அடையாளம். திருத்தியவர் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடும். அதனால் தன் மேல் தவறு என்று அவர் நம்பவே மாட்டார். 'புஷ்.ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸ்' என்ற அமைப்பை 'செக்' என்று வைத்தால், உள்ளே புஷ் ஆகாத கமிட் இருக்கும்வரை தாயின் புஷ்ஷைக் கிட் தானே தடுத்துவிடும். இதை எல்லோர் கணினியிலும் போட்டுவிடுங்கள். "நான் மறக்கமாட்டேன்" என்பவர் கணினியில் முதலில்.

இன்னொன்று: சப்மாட்யூலை அப்டேட் செய்ததும் நீங்கள் வழக்கமாக எந்தக் கிளையிலும் (கமிட்கள் சேர்ந்துகொண்டே போகும் பெயரிட்ட வரிசையிலும்) நிற்பதில்லை, தனிக் கமிட் ஒன்றில் நிற்கிறீர்கள். அங்கேயே வேலை செய்து கமிட் போட்டு, அடுத்த முறை அப்டேட் கொடுத்தால் உழைப்பு கண்ணிலிருந்து மறையும். ரெஃப்லாகில் (நீங்கள் நின்ற கமிட்களைக் கிட் குறித்துவைக்கும் பதிவில்) தேடினால் பெரும்பாலும் கிடைக்கும், வியர்த்த பிறகு. முதலில் கிளைக்கு மாறிக்கொண்டு வேலையைத் தொடங்குவதே வழி.

இந்தத் தொல்லை வேண்டாம் என்று பொது நிரலைப் பேக்கேஜாக (பதிப்பு எண்ணோடு நிறுவக்கூடிய தொகுப்பாக) வெளியிடுவோர் நேர் எதிரான தவறைச் செய்கிறார்கள்: பதிப்பைக் குறிக்காமல் 'மெயின்' கிளையையே சார்ந்திருப்பது. காலையில் ஓடிய பில்ட் (நிரலை ஓடும் மென்பொருளாக்கும் வேலை) மாலையில் உடையும். இடையில் நீங்கள் ஒரு வரிகூடத் தொட்டிருக்கமாட்டீர்கள். டேக் (ஒரு கமிட்டுக்கு வைக்கும் பதிப்புக் குறி) இட்ட பதிப்பைச் சாருங்கள். எந்தப் பதிப்புகள் நிறுவப்பட்டன என்று குறித்துவைக்கும் லாக் கோப்பையும் களஞ்சியத்தில் சேருங்கள். வெளியிட்ட டேக்கை வேறு கமிட்டுக்கு நகர்த்துவது அதைவிட மோசம். ஒரே எண்ணுக்கு இரண்டு நிரல் என்றால் யாருடைய பேச்சை நம்புவது?

எண்ணிலும் நேர்மை வேண்டும். வரி கணக்கிடும் விதத்தையே மாற்றிவிட்டு 1.4.2ஐ 1.4.3 ஆக்கினால், "சிறு பிழைதான் சரிசெய்தேன்" என்று பொய் சொன்னதாகிறது. பழைய நிரல் ஒத்துப்போகாது என்றால் அது 2.0.0தான்.

2016 மார்ச்சில் 'லெஃப்ட்பேட்' என்ற பதினொரு வரிப் பேக்கேஜை அதன் ஆசிரியர் என்பிஎம் என்ற பொதுப் பேக்கேஜ் தளத்திலிருந்து நீக்கியதும் உலகெங்கும் பில்ட்கள் உடைந்தன. வெளிப் பேக்கேஜ்களின் நகலை உங்கள் கையிலேயே வைத்திருப்பது அதற்காகத்தான். உள் பேக்கேஜுக்கு வேறொரு ஆபத்து உண்டு: அதே பெயரில் யாராவது பொதுத் தளத்தில் ஒன்றை ஏற்றினால், கருவி அதை எடுத்துக்கொள்ளக்கூடும். எங்கள் பேக்கேஜின் பெயர் வெறும் 'டாக்ஸ்' (வரி) என்றிருந்தது. பொதுத் தளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்த அன்றே, முன்னால் குழுவின் பெயரை ஒட்டினோம்.