காட்டு மரத்துக்கு மார்க்கர் செய்யும்போது எங்கே தவறுகிறோம்?

காட்டு மரம் ஒன்றின் மரபணு வேறுபாட்டைப் படிக்க வேண்டும் என்று வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பிரைமர் வாங்கணும்?" என்பதைத்தான். (டிஎன்ஏவில் நமக்கு வேண்டிய இடத்தில் ஒட்டி அதைப் பெருக்க உதவும் சிறு துண்டுதான் பிரைமர்.) நான் திருப்பிக் கேட்பது வேறு. இலையை எந்தெந்த மரத்தில் பறித்தீர்கள், எதில் போட்டுக் கொண்டுவந்தீர்கள்? மார்க்கர், அதாவது மரத்துக்கு மரம் வேறுபடும் டிஎன்ஏ அடையாளம், அந்த வேலையில் பாதித் தவறு ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

என் முதல் பயணத்தையே சொல்கிறேன். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய், ஒரு கோயில்காட்டில் வீரை மரத்தின் இலைகளைச் சேகரித்தேன். மரத்தைத் தவறாக அடையாளம் கண்டுவிடக் கூடாது என்ற பயத்தில், பழம் இருந்த மரங்களாகப் பார்த்து 30 மரங்களில் பறித்தேன். வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பழம் இருந்தால் அது பெண். ஆக 30 கவரிலும் பெண் மரங்கள்தான். அல்லீல் (டிஎன்ஏவில் ஒரே இடத்தில் வரும் வெவ்வேறு வடிவங்கள்) விகிதம் கணக்கிட மட்டும் என்றால் இதனால் பெரிய பிழை வராமல் போகலாம். ஆனால் மகரந்தம் எவ்வளவு தூரம் போகிறது, இந்த விதைக்குத் தகப்பன் எந்த மரம் என்று கேட்டபோது, தகப்பன் மரம் ஒன்றுகூட என் கையில் இல்லை. மறுபடி போக வேண்டியதாயிற்று.

இன்னொன்று, வெட்டிய அடிக்கட்டையிலிருந்து தழைத்த தண்டுகள். நம் கரையோரப் புதர்க்காடுகளில் விறகுக்கு வெட்டிய மரங்கள் நான்கைந்து தண்டுகளாக மறுபடி எழும்பும். தள்ளி நின்று பார்த்தால் ஐந்து மரம், வேர் ஒன்று. அப்படி 30 இலை பறித்து 20 மரம்தான் தேறியது என்றால், ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப எண்ணியிருக்கிறோம். தண்டின் அடியை மண் விலக்கிப் பாருங்கள், ஒவ்வொரு மரத்துக்கும் ஜிபிஎஸ் புள்ளி குறியுங்கள். எல்லா மார்க்கரிலும் அச்சு அசலாக ஒத்துப்போகும் இரண்டு மாதிரிகள் கிடைத்தால் அவற்றின் புள்ளிகளை முதலில் பாருங்கள். ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து உலர்தாவரத் தொகுப்பில் சேர்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து மரத்தின் பெயர்மேல் சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி.

அப்புறம் அனுமதி. கிண்டி தேசியப் பூங்காவில் ஓர் இலை என்றாலும் வனத்துறை அனுமதி வேண்டும். கோயில்காட்டில் ஊர்க்காரர்களிடம் கேட்காமல் கிளையில் கை வைக்கக் கூடாது.

சென்னைக் காற்றின் ஈரம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஈரத்தில் இலையைத் தாள் கவரில் போட்டுப் பையில் வைத்தால், டிஎன்ஏ வழியிலேயே சிதையத் தொடங்கிவிடும். இலையின் எடையைப்போல் பத்து மடங்காவது சிலிக்கா ஜெல் போட்டு ஜிப் கவரில் மூட வேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் அன்றைக்கே மாற்ற வேண்டும். மறுநாள் இலையை மடக்கிப் பாருங்கள். அப்பளம்போல் நொறுங்கினால் சரி, வளைந்தால் இன்னும் காயவில்லை.

தடித்த, பளபளப்பான இலைகளில் பசைப்பொருளும் பாலிஃபீனாலும் நிறைய. சிடிஏபி என்ற வேதிப்பொருளைக் கொண்டு பிரித்தெடுத்த டிஎன்ஏ, குழாயின் அடியில் பழுப்பாகக் கொழகொழவென்று நிற்கும். பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் வினை) ஓடவில்லை என்றதும் பலர் டிஎன்ஏவை இன்னும் அதிகமாக ஊற்றுகிறார்கள். தடுப்பதே அந்தப் பசைதான் என்பதால் பத்து மடங்கு நீர்த்துப் போடுங்கள், பல நேரம் ஓடிவிடும்.

இனி மார்க்கர். இப்போது மரபணுத்தொகுதியை மேலோட்டமாக ஒருமுறை வரிசைப்படுத்தினாலே மார்க்கராகப் பயன்படும் மைக்ரோசாட்டிலைட்டுகளை, அதாவது சில டிஎன்ஏ எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை, மென்பொருள் ஆயிரக்கணக்கில் காட்டிவிடுகிறது. இலையில் பசுங்கணிக டிஎன்ஏ ஏராளம் என்பதால் அந்தப் பட்டியலில் அதுவும் கலந்திருக்கும். பூக்கும் தாவரங்களில் பெரும்பாலும் அது தாய்வழி மட்டும் வருவது, எனவே ஒரு மரத்துக்கு ஒரே அல்லீல்தான் காட்டும். தெரியாமல் சேர்த்துவிட்டால், காடு முழுவதும் ஹோமோசைகோட் (இரண்டு அல்லீலும் ஒன்றேயான மரம்) என்று கணக்கு வரும். பசுங்கணிக வரிசைகளை முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. பக்கத்தில் இருக்கிறது என்று ஒரே காட்டின் எட்டு மரங்களில் சோதித்து, அதிகம் வேறுபடும் மார்க்கர்களை மட்டும் வைத்துக்கொள்கிறோம். பிறகு அதே மார்க்கரைத் தூரத்துக் காட்டில் ஓட்டி, "அங்கே வேறுபாடு குறைவு" என்று எழுதுகிறோம். இங்கே வேறுபட்டதால்தான் அந்த மார்க்கரையே தேர்ந்தெடுத்தோம், அப்படியிருக்க இங்கே அதிகமாகத்தானே தெரியும்? முன்சோதனையில் படிக்கப்போகும் ஒவ்வொரு காட்டிலிருந்தும் இரண்டு மூன்று மரங்கள் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் கவலைப்படுவது ஊமை அல்லீலைப் பற்றித்தான். பிரைமர் ஒட்ட வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அந்த அல்லீல் பெருகாமல் போகலாம். மரத்தில் இருக்கும், திரையில் தெரியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மரங்கள், தாராளமாகக் கலந்து இனப்பெருக்கம் செய்பவை. அ என்ற அல்லீல் 50 சதவீதம், ஆ 30, ஊமை 20. உண்மையில் அஅ 25 மரம், அஆ 30, ஆஆ 9, அ-ஊமை 20, ஆ-ஊமை 12, இரண்டுமே ஊமை 4. திரையில் நமக்குத் தெரிவது என்ன? அஅ 45, அஆ 30, ஆஆ 21, நான்கு மரம் ஓடவில்லை. அந்த நான்கை "டிஎன்ஏ சரியில்லை" என்று தள்ளிவிடுவோம். மீதி 96 மரத்தில், திரையில் தெரிந்த அல்லீல் விகிதப்படி எதிர்பார்க்க வேண்டிய ஹெட்டிரோசைகோட் (இரண்டு அல்லீலும் வேறான மரம்) 45, கண்டது 30. மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. உடனே "இந்தக் காட்டில் உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடக்கிறது" என்று ஆய்வேட்டில் ஏறிவிடும். அந்த மரங்களோ எந்தக் குறையும் இல்லாமல் கலந்துகொண்டிருக்கின்றன! இல்லாத நோயை ஒரு காட்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. குறைவு ஓரிரு மார்க்கரில் மட்டும் இருந்தால் மார்க்கர்மேல் சந்தேகப்படுங்கள். எல்லா மார்க்கரிலும் ஒரே அளவில் இருந்தால் காட்டைப் பற்றி யோசிக்கலாம். இரண்டு தனிக் கூட்டங்களை ஒன்றாகக் கலந்து எண்ணினாலும் இதே குறைவு வரும் என்பதையும் மறக்க வேண்டாம். இன்னும் உறுதியான சோதனை, தாய் மரமும் அதன் விதையில் முளைத்த கன்றுகளும். தாய் அஅ என்று தெரிய, கன்று ஆஆ என்று தெரிந்தால், அங்கே ஊமை ஒன்று ஒளிந்திருக்கிறது. பிரைமரைச் சற்றுத் தள்ளி மறுபடி வடிவமைக்க வேண்டும். ஒரு மாத வேலை கூடும், ஆனாலும் செய்தே ஆக வேண்டும்.

அல்லீலின் நீளத்தைக் குறிப்பதிலும் கவனம் வேண்டும். இரண்டு எழுத்துத் தொடர்களில், கருவி வரையும் படத்தில் உண்மையான சிகரத்துக்கு முன்னால் குட்டிச் சிகரங்கள் வரும், மூன்று நான்கு எழுத்துத் தொடர்களில் அந்தத் தொல்லை குறைவு. ஒவ்வொரு தட்டிலும் அளவு தெரிந்த ஒரு மாதிரியைச் சேர்த்து ஓட்டுங்கள், பத்தில் ஒன்றை மறுபடி ஓட்டுங்கள். ஒரே மரத்தில் அடிக்கடி மூன்று சிகரம் வந்தால், அது இருமய (இரண்டு தொகுதி குரோமோசோம் கொண்ட) மரம்தானா என்று பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நகரம் சூழ்ந்துவிட்ட நன்மங்கலம்போன்ற காடுகளில், "துண்டானதால் பாதிப்பு இல்லை" என்ற முடிவுக்கு அவசரமாக வருகிறார்கள். பறித்தது முதிர்ந்த மரங்களின் இலை. மெதுவாக வளரும் மரம் சுற்றிலும் சாலையும் வீடும் வருவதற்கு முன்பே முளைத்திருக்கலாம், அப்படியானால் அதன் மரபணு அந்தப் பழைய பெரிய காட்டின் கதையைத்தான் சொல்லும். இன்றைக்கு என்ன நடக்கிறது என்பது முழங்கால் உயரக் கன்றுகளில்தான் இருக்கிறது. அவற்றுக்கென்று தனியாக 30 கவர் எடுத்துப் போங்கள். 'கன்று' என்று பென்சிலால் எழுதிய துண்டுச் சீட்டை ஒவ்வொன்றுக்குள்ளும் போடுங்கள், கவர்மேல் எழுதும் மை ஆய்வக ஆல்கஹால் பட்டால் அழிந்துவிடும்.